பவானி சங்கரன் வாக்குக் கொடுத்ததைச் செஞ்சிருந்தா? சேதுபதி சீமையின் வாரிசுச் சண்டை

இந்த எபிசோடு ஒரு பஸ்ல பிறந்தது. தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வழியா நரிக்குடி போற பஸ், ஜன்னல் சீட். காதுல ஒரு இங்கிலீஷ் பாட்காஸ்ட் ஓடிட்டிருக்கு. "ஜேன் கிரே ராணியாவே நீடிச்சிருந்தா இங்கிலாந்து என்ன ஆகியிருக்கும்?"னு ரெண்டு பேர் ஒன்றரை மணி நேரமா பேசுறாங்க. வெளிய பார்த்தா சீமைக்கருவேல், ஒரு கண்மாய்க் கரை, மறுபடியும் சீமைக்கருவேல், நடுவுல கொஞ்சம் மிளகாய்த் தோட்டம். அப்போதான் தோணுச்சு. இந்த பஸ் போய்ட்டிருக்கிற மண்ணுக்கே இதே மாதிரி ஒரு வாரிசுச் சண்டை இருக்கு. அதுல யார் ஜெயிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நாம ஏன் ஒன்றரை மணி நேரம் பேசுறதில்லை?

பேசிடலாம். இன்னைக்கு ராமநாதபுரம் சேதுபதி சீமை.

முதல்ல அந்த இங்கிலாந்துக் கதையை ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுறேன், பின்னாடி தேவைப்படும். எட்டாம் ஹென்றிக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். மூத்தவ மேரி, அடுத்தவ எலிசபெத், கடைசி எட்வர்ட். ஹென்றி ஒவ்வொரு கல்யாணத்தையும் செல்லாதுன்னு அறிவிக்கும்போது, அந்தக் கல்யாணத்துல பிறந்த பொண்ணும் முறையான வாரிசு இல்லைன்னு சட்டம் போட்டார். அப்புறம் மனசு மாறி 1544-ல ரெண்டு பேரையும் வாரிசு வரிசையில சேர்த்தார். ஆனா முறையான பிள்ளைகள்னு சட்டத்துல திருத்தவே இல்லை. எட்வர்ட் 1553 ஜூலையில சாகும்போது அக்காக்களை ஓரங்கட்டிட்டு, சொந்தக்காரப் பொண்ணு ஜேன் கிரேக்குப் பட்டம் எழுதி வைச்சான். பதினாறு பதினேழு வயசு. ஜூலை 10-ஆம் தேதி ராணின்னு அறிவிச்சாங்க, 19-ஆம் தேதி இறக்கிட்டாங்க. மேரி படையைத் திரட்டிட்டு வந்து உட்கார்ந்தா. மேரிக்கு அப்புறம் 1558-ல எலிசபெத். 44 வருஷத்துக்கு மேல ஆண்டாங்க. இங்க ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கங்க: சட்டப் புத்தகத்துல "முறையற்ற பிள்ளை"ன்னு எழுதி வச்ச வரியை எலிசபெத் கடைசி வரைக்கும் நீக்கவே இல்லை. 1559-ல பாராளுமன்றம் அவங்க அரியணை உரிமையை ஏத்துக்கிச்சு, பழைய வரியைத் தொடாம விட்டுருச்சு. நம்ம மொழியில சொன்னா, பழைய பக்கை சரி பண்ணாமலே புரொடக்‌ஷன்ல விட்டாங்க. 44 வருஷத்துக்கு மேல ஓடுச்சு.

எலிசபெத் செத்தது 1603. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1605-ல, மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியா அமர்த்துறார். ராமேஸ்வரத்துக்கு யாத்திரை போறவங்களுக்கு வழித்துணை, சேதுக்குக் காவல், அந்தக் கடலோரச் சீமைக்கு ஆட்சி. நம்ம கதை அங்க இருந்து ஆரம்பிக்குது.

இந்த வம்சத்துல பட்டத்துக்குச் சண்டை புதுசு இல்லை. திருமலை நாயக்கர் காலத்துலயே தளவாய் சேதுபதின்னு ஒருத்தர், அவருக்கு எதிரா தம்பித் தேவர்னு ஒருத்தர். அந்தச் சண்டை தளவாய் கொலையில போய் முடிஞ்சப்போ, திருமலை நாயக்கர் சீமையை மூணா வெட்டி மூணு பேருக்குக் கொடுத்தார். கொஞ்ச காலத்துல மறுபடி ஒண்ணாச்சு. ஒட்டுன இடத்துல தையல் மட்டும் நின்னுச்சு.

அடுத்து வர்றவர்தான் பெரிய ஆள். ரகுநாத தேவர், ஊருக்கு கிழவன் சேதுபதி. 1670-களில் பட்டத்துக்கு வந்தவர் 1710 வரைக்கும் ஆண்டார். தலைநகரைப் போகலூர்ல இருந்து ராமநாதபுரத்துக்கு மாத்தினார், கோட்டை கட்டினார். மதுரைக்குக் கட்டுப்பட்ட பாளையம்ங்கிற நிலையில இருந்து தனி அரசு மாதிரி ஆக்கினார். ராணி மங்கம்மாள் 1702-ல படை அனுப்பினப்போ அதை அடிச்சுத் திருப்பினார். ஆளோட தைரியத்தைப் பத்திப் பேச இன்னொரு எபிசோடு வேணும். இங்க நமக்கு வேண்டியது அவர் குடும்பம்.

அவர் மனைவிகள்ல ஒருத்தங்க காதலி. அவங்களோட அண்ணன் ரகுநாதத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பக்கம் அமர்த்தினதுதான் புதுக்கோட்டை சமஸ்தானத்தோட தொடக்கம். யோசிச்சுப் பாருங்க, ஒரு கல்யாண உறவுல இருந்து ஒரு சமஸ்தானமே வந்திருக்கு. கிழவன் 1710-ல இறந்தப்போ 47 பெண்கள் உடன்கட்டை ஏறினதா ஏசு சபைப் பாதிரிமார் கடிதம் ஒண்ணு சொல்லுது. நாற்பத்தேழு. இந்த எண்ணை நான் முதல் தடவை படிச்சப்போ லேப்டாப்பை மூடிட்டு எழுந்து போய்ட்டேன். அந்த நாற்பத்தேழு பேர்ல ஒருத்தரோட பேர் கூட நமக்கு வந்து சேரலை. ஆனா அடுத்த இருபது வருஷச் சண்டை முழுக்க ஒரே ஒரு கேள்வியில நிக்கும்: உன் அம்மா யாரு?

ஏன்னா கிழவனுக்குப் பிடிச்ச மகன் பவானி சங்கரன். அவரோட அம்மா முறைப்படி கட்டின பட்டத்து மனைவி இல்லை. சேதுபதி பட்டத்துக்கு வர்றவர் செம்பிநாட்டு மறவர் வழியில, அம்மா பக்கமும் சேர்த்து, பிறந்திருக்கணும்ங்கிறது அந்த நாட்டு வழக்கம். கிழவன் அவருக்குத்தான் பட்டம்னு நினைச்சார். நாட்டுப் பெரியவங்களும் படையும் ஒத்துக்கலை. பவானி சங்கரன் ஒதுங்கினார். விஜயரகுநாத சேதுபதி பட்டத்துக்கு வந்தார்.

இங்க என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லணும். எங்க தாத்தா போனதுக்கு அப்புறம் பாகப்பிரிவினை நடந்தது. நிலம் பெருசா ஒண்ணும் கிடையாது, கரிசல் கொஞ்சம், செவல் கொஞ்சம், ஒரு கிணறு. எங்க பக்கம் நிலத்தை விட கிணத்து முறைதான் பெருசு. வாரத்துல எந்த நாள் யார் மோட்டார் போடுறதுங்கிறதுதான் சொத்து. எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். தாத்தாவோட மகன்தான், ஆனா அப்பத்தாவுக்குப் பிறந்தவர் இல்லை. தெருவுல எல்லாரும் அவரை உறவு சொல்லித்தான் கூப்பிடுவாங்க. கோயில் கும்பிட்டா அவர் வீட்டுக்கும் பங்கு போகும். பத்திரம் எழுதுன அன்னைக்கு மட்டும் அவர் யாரும் இல்லைன்னு ஆயிட்டார். எங்க பெரியப்பா சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் நினைவு இருக்கு: "அவனுக்கு முறை கிடையாதுல்ல." அந்த ஊர்ல கிணத்துத் தண்ணிக்கும் முறைன்னுதான் பேரு, பிறப்புக்கும் முறைன்னுதான் பேரு. நான் அப்போ பன்னிரண்டாவது படிச்சிட்டிருந்தேன். ஒண்ணும் பேசலை.

அதனால பவானி சங்கரன் மேல எனக்கு ஒரு சாய்வு இருக்கு. முன்னாடியே சொல்லிடுறேன், நீங்க தள்ளுபடி போட்டுக் கேட்டுக்கங்க.

சரி, சண்டைக்கு வருவோம். விஜயரகுநாதர் 1720-களில் போர்முனையில நோய் வந்து இறந்தார். தண்டத் தேவர்னு சொல்லப்படுற சுந்தரேஸ்வர ரகுநாதருக்குப் பட்டம்னு சொல்லிட்டுப் போனார். பத்துப் பதினஞ்சு வருஷமா ஒதுங்கி இருந்த பவானி சங்கரன் இப்போ எழுந்தார். தண்டத் தேவர் பக்கம் மதுரையும் புதுக்கோட்டைத் தொண்டைமானும். அப்போ பவானி சங்கரனுக்கு யார்? தஞ்சாவூர் மராத்திய அரசு. அங்க போய் அவர் ஒரு பேரம் பேசினார்: எனக்குப் படை கொடுங்க, ஜெயிச்சா பாம்பாத்துக்கு வடக்க இருக்கிற நிலம் முழுக்க உங்களுக்கு.

படை வந்தது. தண்டத் தேவர் தோத்து உயிரையும் விட்டார். பவானி சங்கரன் சேதுபதி ஆனார்.

அப்புறம் வாக்கைக் காப்பாத்தலை. பாம்பாத்துக்கு வடக்க இருக்கிற நிலத்தைக் கொடுக்கலை.

ஏன் கொடுக்கலைன்னு யோசிச்சா அவர் நிலைமை புரியும். ஏற்கெனவே "இவன் முறையான ஆள் இல்லை"ன்னு சொல்ற நாடு. இப்போ பட்டத்துக்கு வந்ததும் சீமையில ஒரு பகுதியை வெளியாளுக்கு எழுதிக் கொடுத்தா, ஒதுக்கி வச்ச ஊர் என்ன சொல்லும்? கொடுத்தா உள்ள இருக்கிறவன் எதிரி, கொடுக்கலைன்னா வெளிய இருக்கிறவன் எதிரி. அவர் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கூடவே இன்னொரு வேலையும் பார்த்தார். நாலுகோட்டைப் பாளையக்காரர் சசிவர்ணத் தேவரைத் துரத்திவிட்டார். சசிவர்ணர் சாதாரண ஆள் இல்லை. விஜயரகுநாத சேதுபதியோட மகள் அகிலாண்டேஸ்வரி நாச்சியாரைக் கட்டினவர். ஆயிரம் படைவீரர்களை வச்சுக் காப்பாத்துற அளவுக்கு நிலம் சீதனமா வாங்கினவர்.

துரத்தப்பட்ட சசிவர்ணர் எங்க போனார்? தஞ்சாவூருக்கு. அங்க ஏற்கெனவே இன்னொருத்தர் உட்கார்ந்திருந்தார், கட்டயத் தேவர், தண்டத் தேவர் பக்கத்து ஆள். சிவகங்கைப் பக்கம் சொல்ற கதையில, சசிவர்ணரோட தைரியத்தைச் சோதிக்கத் தஞ்சை ராஜா ஒரு புலியை அவிழ்த்து விட்டதாகவும், அவர் அதை அடக்கினதாகவும் வரும். புலி உண்மையோ இல்லையோ, தஞ்சை அரசுக்குக் கோபம் இருந்தது உண்மை. வாக்கு மீறினவனுக்கு எதிரா அதே தஞ்சைப் படை கிளம்புச்சு. ஓரியூர்ல சண்டை. பவானி சங்கரன் தோத்தார்.

ஓரியூர்னதும் சிலருக்கு வேற விஷயம் ஞாபகம் வரும். அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ, 1693-ல கொல்லப்பட்ட அதே ஊர். அதுவும் ஒரு வகையில வாரிசுக் கதைதான். அரச குடும்பத்துல பட்டத்துக்கு உரிமை சொல்லக்கூடிய தடியத் தேவர் கிறிஸ்தவரானார். ஒரு மனைவியை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களை அனுப்பினார். அனுப்பப்பட்டவங்கள்ல ஒருத்தங்க கிழவன் சேதுபதியோட உறவுக்காரப் பொண்ணு. ஹென்றி மனைவியை விலக்கினதுல இங்கிலாந்தோட மதமே மாறுச்சு. இங்க மதம் மாறினதுல மனைவியை விலக்க, ஒரு பாதிரியார் தலை போச்சு. அது தனி எபிசோடு, பட்டியல்ல இருக்கு.

சண்டை முடிஞ்சதும் என்ன செஞ்சாங்கன்னா, சீமையை அஞ்சு பங்கா வச்சாங்க. மூணு பங்கு கட்டயத் தேவருக்கு, அது ராமநாதபுரம், பெரிய மறவர் சீமை. ரெண்டு பங்கு சசிவர்ணருக்கு, அது சிவகங்கை, சின்ன மறவர் சீமை. 1730-ஐ ஒட்டி இது நடக்குது. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழி பக்கமெல்லாம் ராமநாதபுரத்தோட நின்னுச்சு. அப்புறம், இதைக் கவனிங்க, பாம்பாத்துக்கு வடக்க இருக்கிற நிலம் தஞ்சாவூருக்குப் போச்சு.

அதாவது பவானி சங்கரன் எதைக் கொடுக்க மாட்டேன்னு பட்டத்தை இழந்தாரோ, அந்த நிலம் எப்படியும் போயிருச்சு. கூடவே மிச்சமிருந்த சீமையும் ரெண்டாச்சு.

இப்போ "இப்படி நடந்திருந்தா" விளையாட்டுக்கு வருவோம். இதுல எனக்கு ஒரு விதி இருக்கு. கோடுல ஒரு பக் தேடும்போது பத்து இடத்துல மாத்திட்டு ஓட்டிப் பார்த்தா எது காரணம்னு தெரியாது. ஒரு வரியை மட்டும் மாத்தணும். வரலாற்றுலயும் அப்படித்தான். ஒரு கிளை பிரிச்சு, ஒரே ஒரு வரியை மாத்தி, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்னு ஓட்டிப் பார்க்கணும்.

நிறைய பேர் முதல்ல மாத்த நினைக்கிற வரி 1710. அன்னைக்கே பவானி சங்கரனை ஏத்துக்கிட்டிருந்தா? எலிசபெத்தை ஏத்துக்கிட்ட மாதிரி? கேட்க நல்லா இருக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை. எலிசபெத் வர்றப்போ மேரி செத்துட்டா, பக்கத்துல வலுவான போட்டி இல்லை, பாராளுமன்றம்னு ஒண்ணு இருந்தது, அது ஒரு தீர்மானத்தால வாயை அடைக்க முடிஞ்சது. ராமநாதபுரத்துல விஜயரகுநாதர் உயிரோட இருக்கார், படை அவர் பக்கம் இருக்கு. பவானி சங்கரனை உட்கார வச்சிருந்தா 1720-களில் வந்த சண்டை 1710-லயே வந்திருக்கும். அதனால அந்த வரியை நான் மாத்தலை.

நான் மாத்துற வரி வேற. ஜெயிச்சதுக்கு அப்புறம் பவானி சங்கரன் தஞ்சாவூருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்துறார். பாம்பாத்துக்கு வடக்க இருக்கிற நிலத்தை எழுதிக் கொடுத்துடுறார். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

என்ன ஆகும்? சசிவர்ணரும் கட்டயத் தேவரும் தஞ்சாவூர்ல போய் நின்னா படை கிடைக்காது. ஏன்னா தஞ்சைக்கு வேண்டியது கிடைச்சாச்சு. உள்ள முணுமுணுப்பு இருக்கும், கலகம் கூட வரும். ஆனா வெளிப்படை இல்லாத கலகம் ஓரியூர் மாதிரி முடியாது. நிஜத்துல தஞ்சை எடுத்துக்கிட்ட நிலத்துக்கு மேல ஒண்ணும் போகலை. மிச்ச அஞ்சு பங்கும் ஒரே கையில. சிவகங்கைன்னு ஒரு அரசு இல்லை. சசிவர்ணர் அங்க இருந்த ஊத்தையும் நாவல் மரத்தையும் பார்த்துக் கட்டின தலைநகரும் இல்லை.

அரசு இல்லைன்னா ராணியும் இல்லை. வேலு நாச்சியார் ராமநாதபுரத்து செல்லமுத்து சேதுபதியோட மகள், சசிவர்ணரோட மகன் முத்துவடுகநாதரைக் கட்டி சிவகங்கைக்குப் போனவங்க. கட்டயத் தேவருக்குப் பட்டம் கிடைக்காத கிளையில செல்லமுத்துவுக்கும் பட்டம் கிடைச்சிருக்க வாய்ப்பு கம்மி. அப்போ நாச்சியார் யாரோ ஒரு நாட்டுத் தலைவரோட மகள். வாளும் சிலம்பமும் கத்திருப்பாங்களா? இருக்கலாம். நமக்குப் பேர் தெரிஞ்சிருக்காது. அந்த நாற்பத்தேழு பேர் மாதிரி.

மருது சகோதரர்கள் எங்க ஊர்ப்பக்கம். நரிக்குடிக்குப் பக்கத்துல முக்குளம், இன்னைக்குத் திருச்சுழி தாலுகா. பெரிய மருது 1748, சின்ன மருது 1753. ராமநாதபுரத்துப் படையில பழகினவங்க, அங்க இருந்து முத்துவடுகநாதர்கிட்ட போனாங்கன்னு சொல்றாங்க. முக்குளத்துல இருந்து சிவகங்கை எல்லை ரொம்ப தூரம் இல்லை. சிவகங்கைன்னு ஒரு புது அரசு, புது ஆளுங்களுக்கு இடம் கொடுக்கிற அரசு, பக்கத்துலயே இருந்ததாலதான் ரெண்டு கிராமத்துப் பையன்கள் அமைச்சர்களா ஆக முடிஞ்சது. ராமநாதபுரம் மாதிரி பழைய அரண்மனையில அந்தப் படிகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இது என் ஊகம்தான், ஆனா வேலை பார்க்கிற இடத்துல இதைத் தினமும் பார்க்கிறேன். பழைய பெரிய கம்பெனியில பதினஞ்சு வருஷம் ஆகுற பதவி, புது ஸ்டார்ட்டப்ல ரெண்டு வருஷத்துல கிடைக்கும்.

அடுத்தது 1772. இதுதான் எல்லாரும் என்கிட்ட கேட்கிற கேள்வி: "ஒண்ணா இருந்திருந்தா கம்பெனிக்காரனை அடிச்சிருக்கலாம்ல?" நடந்தது என்னன்னா, ஆற்காட்டு நவாப் கப்பப் பாக்கியைக் காரணம் காட்டினார், கிழக்கிந்தியக் கம்பெனி படை கொடுத்துச்சு. முதல்ல ராமநாதபுரம் விழுந்தது. சிறுவன் முத்துராமலிங்க சேதுபதியையும் ராணியையும் திருச்சிக் கோட்டைக்குக் கொண்டு போனாங்க. அதே கோடையில படை சிவகங்கைக்குத் திரும்புச்சு. ஜூன் 25, காளையார்கோவில், முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, சில வாரத்துல.

இதைப் பார்த்தா பிரிஞ்சதுதான் காரணம்னு தோணும். எனக்கும் பல வருஷம் அப்படித்தான் தோணுச்சு. பள்ளிக்கூடத்துல மேடையில பேசக்கூட செஞ்சிருக்கேன், "ஒற்றுமை இல்லாததால் வீழ்ந்தோம்"னு, முதல் பரிசு வேற. ஆனா அடுத்த வருஷத்தைப் பாருங்க. 1773-ல அதே நவாப், அதே கம்பெனி, தஞ்சாவூரைப் பிடிச்சாங்க. தஞ்சாவூர் பிரியலை. காவிரி நெல், பெரிய வருமானம், எல்லாம் ஒரே கையில. அதுவும் விழுந்தது. மறவர் சீமை ஒண்ணா இருந்திருந்தா மட்டும் பீரங்கிக்கு முன்னாடி நின்னிருக்கும்னு நான் எப்படி நம்புறது? வானம் பார்த்த பூமி. கம்பும் பருத்தியும் விளையுற மண்ணுல இருந்து எத்தனை பீரங்கி வாங்க முடியும்?

இன்னும் ஒண்ணு. ஒரே அரசு, ஒரே தலைநகர்னா, அது விழுந்த அன்னைக்கு எல்லாம் முடிஞ்சது. நாங்க இதை "ஒரே இடத்துல உடைஞ்சா மொத்தமும் படுத்துடும்"னு சொல்லுவோம், அதனாலதான் சர்வர் ரெண்டு வைக்கிறோம். நிஜத்துல ரெண்டு அரசு இருந்தது. வேலு நாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குப் போனாங்க, ஹைதர் அலியோட ஆதரவைப் பிடிச்சாங்க, 1780-ல திரும்பி வந்து சிவகங்கையை மீட்டாங்க. காளையார்கோவில் காடு மறைஞ்சு நிக்க இடம் கொடுத்துச்சு. எங்க திருச்சுழிப் பக்கம் மாதிரி வெட்டவெளியா இருந்தா முயல் கூட ஒளிய முடியாது. 1795-ல கம்பெனி ராமநாதபுரத்து முத்துராமலிங்க சேதுபதியை மறுபடி இறக்கினப்போ சிவகங்கை நின்னுட்டு இருந்தது. 1801 ஜூன் 16-ல சின்ன மருது திருச்சியில ஒட்டின ஜம்புத்தீவு அறிக்கை அங்க இருந்துதான் வந்தது. அந்த அக்டோபர் 24-ல திருப்பத்தூர்ல ரெண்டு பேரையும் தூக்குல போட்டாங்க.

அதனால நான் வந்து சேர்ற இடம் எனக்கே பிடிக்காத இடம். என் சித்தப்பா மாதிரி ஒதுக்கப்பட்ட ஆள் ஜெயிக்கணும்னு ஆசைப்பட்டு அந்த ஒரு வரியை மாத்தினேன். அவர் ஜெயிச்ச கிளையில வேலு நாச்சியார் இல்லை, மருது இல்லை, ஜம்புத்தீவு அறிக்கை இல்லை. சீமை ஒண்ணா இருக்கு, 1772-ல ஒண்ணாவே விழுது.

ஒரு விஷயத்துல மட்டும் அந்தக் கிளை நல்லா இருந்திருக்கலாம்னு தோணுது. தண்ணி. 1730 எல்லையை மேப்புல போட்டுப் பாருங்க. வைகை மதுரையைத் தாண்டி திருப்புவனம், மானாமதுரை வழியா போகுது, அது சிவகங்கைச் சீமை. அப்புறம்தான் பரமக்குடி, கடைசியில ராமநாதபுரம் பெரிய கண்மாய். அஞ்சு பங்கைப் பிரிச்சவங்க மேல்மடையை ஒருத்தருக்கும் கடைமடையை இன்னொருத்தருக்கும் கொடுத்துட்டாங்க. கிணத்து முறை தெரிஞ்ச எவனும் இந்தப் பாகப்பிரிவினைக்குக் கையெழுத்துப் போட மாட்டான். இன்னைக்கும் வைகை அணையில இருந்து பூர்வீகப் பாசனத்துக்குத் தண்ணி திறக்கும்போது பகுதி பகுதியாப் பிரிச்சு, நாள் கணக்கு வச்சுத்தான் விடுறாங்க. ஒவ்வொரு வருஷமும் கடைமடை வரைக்கும் வரலைன்னு ஒரு குரல் கேட்கும். எங்க பக்கம் வைகை கிடையாது, குண்டாறுதான். அது காரியாபட்டி, திருச்சுழி, கமுதின்னு போகுது, வருஷத்துல பாதி நாள் மணல்தான் ஓடும். அதனால இந்தச் சண்டையை நாங்க ஓரமா நின்னு பார்க்கிறவங்க.

ஒரே சேதுபதி கையில மேல்மடையும் கடைமடையும் இருந்திருந்தா எல்லாருக்கும் நியாயமா போயிருக்குமா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஆனா சண்டை ஒரு வீட்டுக்குள்ள நடந்திருக்கும்.

வாரிசுச் சண்டை 1801-ஓட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. 1803-ல ரெண்டு சீமையும் ஜமீன் ஆச்சு, வாளுக்குப் பதிலா வக்கீல் வந்தார். சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-ல இறந்தார். அப்போ தொடங்கின வழக்கு அவரோட மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமா லண்டன் பிரிவி கவுன்சில்ல முடிஞ்சது 1863-ல. ராமநாதபுரத்துல ராணி பர்வதவர்த்தனி தத்தெடுத்தது செல்லாதுன்னு மதுரை கலெக்டரே எதிர்த்து நின்னார். அதுவும் லண்டன் வரைக்கும் போச்சு, 1868-ல தத்து செல்லும்னு தீர்ப்பு. சட்டம் படிக்கிற நண்பர்கள் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, இந்து வாரிசுச் சட்டத்துல இந்த ரெண்டு கேஸையும் படிக்காம யாரும் வெளிய வர முடியாது. விதவை ஒருத்தி உறவினர் சம்மதத்தோட தத்தெடுக்கலாமான்னு கேட்டா, பதில் "ராம்நாடு கேஸ்". மேரியா எலிசபெத்தான்னு அடிச்சுக்கிட்ட அதே ஊர்ல உட்கார்ந்து, சேதுபதிக்கு யார் வாரிசுன்னு தீர்ப்புச் சொல்லியிருக்காங்க. அந்த ஊருக்கு அதுல முன் அனுபவம் இருந்ததுன்னு வச்சுக்கலாம்.

1948 சட்டத்தோட ஜமீன் போச்சு. 1910-ல உருவான ராமநாதபுரம் மாவட்டம் மட்டும் பெருசா நின்னுச்சு, பழைய ரெண்டு சீமையையும் உள்ள வச்சுக்கிட்டு. அதாவது பவானி சங்கரனோட சீமையை வெள்ளைக்காரன் கலெக்டர் ஆபீஸ்ல மறுபடி ஒட்டி வச்சிருந்தான். 1985-ல அதையும் மூணா வெட்டினாங்க: ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் விருதுநகர் மாவட்டம்னு சொன்னதே இல்லை. ரேஷன் கார்டுல என்ன எழுதியிருந்தாலும் அவங்களுக்கு "ராம்நாடு ஜில்லா"தான்.

அந்த பஸ் அன்னைக்கு நரிக்குடி வந்து நின்னப்போ இங்கிலீஷ் பாட்காஸ்ட்ல ஜேன் கிரேயோட தலையை வெட்டிட்டாங்க, 1554 பிப்ரவரி 12. இறங்கி ஒரு டீ குடிச்சேன். கடைக்காரர்கிட்ட "முக்குளத்துக்கு இப்போ பஸ் இருக்காண்ணே?"ன்னு கேட்டேன். "அடுத்தது சாயங்காலம்தான் தம்பி, ஆட்டோ பிடிச்சுப் போங்க"ன்னார். அங்க என்ன பார்த்தேன்ங்கிறது அடுத்த எபிசோடு. 1868 கேஸைப் பத்திப் பேச ஒரு வக்கீல் நண்பரையும் கூப்பிட்டிருக்கேன், வரேன்னு சொல்லியிருக்கார், பார்க்கலாம். உங்க வீட்டுப் பாகப்பிரிவினைக் கதை ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் சொல்ல வேண்டாம்.